உள்ளங்கையில் விட்ட குழம்பு

அந்தக் குழம்பு கொதிக்கக் கூடாது. கொதித்தால் போச்சு. சட்டியின் நடுவில் எப்போதாவது ஒரு குமிழி எழுந்து, உடைந்து, அடங்க வேண்டும். அடுத்த குமிழி வருவதற்குள் மூடுபனி குசினி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அடுப்போரம் கொஞ்சம் குளிர் காய்ந்துவிட்டு வெளியே போய்விடும். இப்படியே நாலு மணி நேரம். என் வீட்டுக்காரர் அதைச் சமைக்கிறேன் என்று சொல்லவே மாட்டார். காவல் இருக்கிறேன் என்பார்.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் அது. எழுபதுகளின் பின்பாதி. தோட்டத்து மேனேஜரைத் துரை என்போம், அவர் மனைவியைத் துரைசானி என்போம். துரை பங்களாவில் என் வீட்டுக்காரர் சமையல்காரர், நான் ஆயா. ஆயா என்றால் தூக்கி வளர்க்கப் பிள்ளை எதுவும் அங்கே இல்லை. துவைப்பது, இஸ்திரி போடுவது, படுக்கை விரிப்பது இதெல்லாம்தான். எங்களுக்கும் அப்போது பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வைத்த வீடு கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும் வரைதான் வீடு.

துரைசானியின் அம்மா இத்தாலிக்காரியாம். வந்த புதிதில் ஒரு நாள் துரைசானியே குசினிக்குள் நுழைந்து அந்தக் குழம்பைச் செய்து காட்டினார். சாஸ் என்று பேர். மாட்டிறைச்சிதான் போட வேண்டும் என்றார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். துரைசானிக்குப் புரிந்துவிட்டது, ஆட்டுக்கறி போதும் என்றார். மேசை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மிஷினில் கறியைக் கொத்தி எடுக்கச் சொன்னார். இவரும் கொத்தினார். கொத்திய கையோடு, நம் வீட்டுப் பழக்கத்தில், மஞ்சள் தூளைப் போட்டுப் பிசைந்து மூன்று தண்ணீரில் அலசியும் விட்டார். பாதிக் கறி விரலிடுக்கில் வழிந்து சாக்கடைக்குப் போய்விட்டது. மிச்சம் மஞ்சளாக நின்றது. துரைசானி நெற்றியில் கைவைத்துச் சிரித்தார். நல்ல வேளை, சிரிக்கத் தெரிந்த மனுஷி.

ஆனால் அன்று இவரை உலுக்கியது அதுவல்ல. துரைசானி கரண்டியால் குழம்பை எடுத்து வாயில் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைச் சட்டிக்குள் விட்டுக் கிண்டினார். அதுவும் ஒரு தடவையா, பத்துத் தடவை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம் அங்கலாய்த்தார்.

“மொத்தச் சட்டியையும் எச்சிலாக்கிட்டாங்க புள்ள.”

இவர் குடும்பத்தில் சமைக்கிறவர்கள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பு, புளி, காரம் எல்லாம் மூக்குக்குத் தெரிய வேண்டும். சாமிக்குப் படைக்கிற நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இவர்கள் வீட்டில் எல்லா நாளும் அப்படி. மேசைக்குப் போய்த் திரும்பி வந்த மிச்சமும் எச்சில்தான், அதையும் தொட மாட்டார். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. துரைசானியை விட அந்தச் சாஸை நன்றாக வைக்கிற ஆளாக இவர் ஆனார், துரைசானியே அப்படிச் சொன்னார். ஆனால் அது என்ன ருசி என்று இவர் நாக்குக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வெந்த ஸ்பெகட்டியைத் தட்டில் சுருட்டி வைத்து, மேலே அதை ஊற்றி அனுப்புவார். “வெள்ளைக்கார மீ போவுது” என்பார். எங்கள் பக்கம் நூடுல்ஸுக்கு மீ என்றுதான் பேர்.

அப்புறம் லோரியிலிருந்து விழுந்தார்.

தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்பும்போது, மழையில் வழுக்கிய ஒரு வளைவில், பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர் சாலையில் போய் விழுந்தார். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனிடம் பேசினேன். கேட்டேன் என்று சொல்வதை விட மிரட்டினேன் என்று சொல்லலாம். இவரை எழுப்பிக் கொடு, சாகும் வரை கறி மீன் வாயில் வைக்க மாட்டேன் என்றேன். ஆட்டுக்கறி என்றால் எனக்கு உயிர். மிளகு போட்டு வறுத்தால் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிற ஆள் நான். அதனால்தான் அதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் இவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். எனக்கு இனி கறி மீன் கிடையாது, முருகனுக்கு விரதம் என்று மட்டும் பிறகு இவரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், இவருக்குப் பிடிக்குமே என்று கருவாடு வறுத்தேன். வாடை பங்களா வாசல் வரை போயிருக்கும். இவர் என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடி, “என்னா சமைக்கிற?” என்று கேட்டார்.

முருகன் ஆளைத் திருப்பிக் கொடுத்தான். மூக்கை மட்டும் வைத்துக்கொண்டான். நாக்கும் கட்டையாகிவிட்டது. பாகற்காயும் பூசணிக்காயும் இவருக்கு ஒன்றுதான், மிளகாய் கடித்தால் எரிச்சல் மட்டும் தெரியும். டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார்.

முதல் இரண்டு வாரம் குசினியில் இவர் தொட்டதெல்லாம் தப்பாகப் போனது. ரொட்டி கருகியது. திரிந்த பாலை ஊற்றித் துரைக்குத் தேநீர் போனது. கெட்டுப்போன முட்டையை மாவில் உடைத்துவிட்டார். துரைசானி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அழைத்தார். அவருக்குத் தமிழும் மலாயும் கலந்து ஒரு பேச்சு வரும். “உடம்பு சரியில்லைன்னா சொல்லு. ஃபேக்டரியில லேசான வேலை தரச் சொல்றேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பார்க்கணும்” என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

ஃபேக்டரி வேலை என்றால் பங்களா வீட்டை விட்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் போக வேண்டும். அது எனக்குப் பெரிதில்லை, நான் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் இவர் சமையல்காரர். அதைத் தவிர இவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நான்தான் சொன்னேன்.

“என் மூக்கு நல்லாத்தானே இருக்கு. அதை வச்சுக்குங்க.”

இஸ்திரி போடுகிற அறை குசினியை ஒட்டியது. நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்தே வைத்தேன். கரிப்பெட்டியைத் துரையின் சட்டை மேல் ஓட்டிக்கொண்டே மூக்கைக் குசினியில் வைத்திருந்தேன். சாஸ் வைக்கிற நாள் என்றால் பகல் ஒரு மணிக்கு அடுப்பில் ஏறும். வெண்ணெயில் வெங்காயமும் கேரட்டும் செலரித் தண்டும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, கறியைப் போட்டு, அது தண்ணீர் விட்டு வற்றிய பிறகு கொஞ்சம் ஒயின் ஊற்றி, லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த தக்காளியைத் தோலுரித்துச் சேர்ப்பார். கடைசியில் ஒரு கோப்பைப் பால். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைச் சொல்வது வாசம்தான். கதவில் வந்து நின்று கேட்பார்.

“இப்ப என்னா வாடை?”

நான் கண்ணை மூடிக்கொள்வேன். “வெங்காயம் இன்னும் பச்சையா இருக்கு” என்பேன். “தக்காளி கொடியைக் கிள்ளினா கையில வருமே, அந்த வாடை” என்பேன். அரை மணி கழித்து, “இப்ப கொடி வாடை போயிருச்சு, பழம் மட்டும் இருக்கு” என்பேன். இவர் தலையாட்டிவிட்டுப் போய் விறகைக் கொஞ்சம் இழுத்துவிடுவார்.

அந்த மத்தியானங்கள் எனக்கு இப்போது தனித்தனியாக நினைவில்லை. எல்லாம் ஒரே நீளமான மத்தியானமாகக் கிடக்கிறது. வெளியே மலை இருக்கும், இல்லாமல் போகும், மறுபடி வரும். தேயிலைச் சரிவில் கொழுந்து எடுக்கிறவர்களின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்கும், ஆள் தெரியாது. ஃபேக்டரியில் இலை வறுபடுகிற வாசம் காற்று மாறும்போது ஒரு தடவை வந்து, சாஸ் வாசத்தோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் என்னைச் சொக்க வைக்கும். பாதித் தூக்கத்தில் இஸ்திரி போட்டிருக்கிறேன். ஒரு சட்டையும் தீய்ந்ததில்லை. இவர் குரல் கேட்கும், நான் ஏதோ சொல்வேன், அது சரியாகவும் இருக்கும். கல்யாணமான ஐந்து வருஷத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கொழுந்துக் கூடை நிறையாது. இப்போது ஒரு சட்டிக் குழம்புக்கு இவ்வளவு பேசினோம். “மழை விட்ட பொறவு ரோட்டுல வருமே, அது இப்ப எப்படி இருக்கு?” என்று குழம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு நாள் கேட்டார். நான் வாசலில் போய் நின்று முகர்ந்து வந்து சொன்னேன். அப்போதுதான் இவர் மேல் எனக்கு ஆசை வந்தது என்று நினைக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கு முன்னால் குடும்பம்தான் நடத்தினேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. துரைசானி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய துரை சாப்பாட்டுக்கு வருகிறார், சாஸ்தான் வேண்டும் என்று துரைசானி சொல்லிவிட்டார். வியாழக்கிழமையே எனக்குத் தொண்டை கரகரத்தது. சனிக்கிழமை காலையில் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. தைலத்தை எடுத்து மூக்கிலும் நெஞ்சிலும் அப்பிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. தைலத்தின் வாசமே எனக்குத் தெரியவில்லை.

இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையிலிருந்து கறியைக் கொத்திக்கொண்டு, தனக்குள் ஏதோ முனகிக்கொண்டு, இவர் சந்தோஷமாக இருந்தார். இத்தனை நாளில் நான் மனப்பாடம் செய்திருந்தேனே, நேரத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் தைல வாடையில் என்னைப் பிடித்திருப்பான். இவரால் முடியாது. பக்கத்தில் வந்து நின்றார், என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

“இப்ப என்னா வாடை?”

“கொடி வாடை போயிருச்சு” என்றேன். முழுப் பொய்.

மூன்றரை மணி இருக்கும். இவர் புட்டிங்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ஒரு கட்டை நன்றாகப் பிடித்து எரிந்திருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். இவர் கரண்டியை விட்டுக் கிண்டியபோதுதான் அடியில் தட்டியது. கரண்டி நுனியில் கறுப்பாக ஒரு துணுக்கு வந்தது.

“அடி பிடிச்சிருச்சு” என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. “இந்தா, வந்து பாரு. கருகல் மேல ஏறியிருக்கா? அடியில மட்டுந்தானா?”

அடியில் மட்டும் என்றால் மேலாக வேறு சட்டிக்கு மாற்றித் தப்பிக்கலாம். மேலே ஏறியிருந்தால் குப்பைக்குத்தான். புதிதாக வைக்கக் கறியும் இல்லை, நேரமும் இல்லை. பங்களாத் தோட்டக்காரனைக் கூப்பிட்டு முகரச் சொன்னால் அன்று சாயங்காலமே லயம் முழுக்கத் தெரியும். நான் சட்டியின் மேல் குனிந்தேன். ஆவி முகத்தில் பட்டது. சூடு மட்டும்தான் இருந்தது.

“நீங்க போயி ஸ்டோர்ல பெரிய சட்டியை எடுத்துட்டு வாங்க. நான் நல்லாப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

இவர் போனார். கசப்பு நாக்குக்குத் தெரியும். மூக்கு அடைத்தாலும் தெரியும், காலையில் கசாயம் குடித்தபோது தெரிந்தது. சட்டியின் மேலாக அரைக் கரண்டி எடுத்து, இடது உள்ளங்கையில் விட்டேன். கறித் துணுக்குகள், எண்ணெய், சிவப்பு. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி ஞாபகம் வந்தது. கேட்பதானால் என்னைக் கேள், அவரைத் தொடாதே என்று முருகனிடம் சொன்னேன். நக்கினேன். முழுங்கினேன்.

கசக்கவில்லை.

இவர் சட்டியோடு வந்தபோது உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். “மேல ஏறல. அடியில மட்டுந்தான். மாத்திருங்க” என்றேன். இவர் மூச்சு விட்டார். இரண்டு பேரும் சட்டியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்து, அடியைத் தொடாமல் மாற்றினோம். பால் ஊற்றினார். அப்போது துரைசானி குசினிக்குள் எட்டிப் பார்த்தார். வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

“தைல வாசம் பலமா இருக்கே. ஆயாவுக்குச் சளியா?”

இவர் கிண்டுவதை நிறுத்தினார். திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் துரைசானியிடம், “ஆமாங்கம்மா, குளிரு ஜாஸ்திலா” என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்டினார். துரைசானி மேசை விரிப்பைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பெகட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

பெரிய துரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். தட்டுகள் வழித்த மாதிரி திரும்பி வந்தன. துரைசானி குசினிக்கு வந்து இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். வேலையும் வீடும் நிலைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவருக்கு மட்டும் கொஞ்சம் கறி வறுத்து வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

“ருசி தெரியாத வாய்க்குக் கறி எதுக்கு? சும்மா மெல்லுறது. வேணாம்லா.”

அதிலும் நியாயம் இருந்தது. அதன் பிறகு நானும் வைக்கவில்லை. துரை ஊரோடு போகும் வரை, இன்னும் ஆறு ஏழு வருஷம், கறி தொடாத இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பங்களாவில் கறிச்சாஸ் வைத்தோம். என் மூக்கு திறந்துவிட்டது, இவருடையது திறக்கவே இல்லை. வாரா வாரம் கதவில் வந்து நின்று கேட்பார், நான் சொல்வேன். ஆனால் எனக்குள் ஒரு முள் உட்கார்ந்துவிட்டது. இவர் இருமினால் அந்த அரைக் கரண்டி ஞாபகம் வரும். படியில் தடுக்கினால் ஞாபகம் வரும். ஒரு மகள் பிறந்தாள், அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

துரை போன பிறகு பங்களா வேலையும் போயிற்று. கம்போங் ராஜாவில் கொஞ்சம் நிலம் எடுத்து முட்டைக்கோஸ் போட்டோம். எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், இவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அதே ஆஸ்பத்திரி. கட்டில் கம்பி கூட அதுவேதானோ என்னவோ. இரண்டாம் நாள் மத்தியானம், ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது, இவர் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நேர்ந்துகொண்டது, சளி பிடித்தது, உள்ளங்கையில் விட்டது, முழுங்கியது, எல்லாம். நான்தான் உங்களை இப்படிப் படுக்க வைத்துவிட்டேன் என்று அழுதேன்.

இவர் தலையணையில் கொஞ்சம் மேலே நகர்ந்து படுத்தார்.

“தைலம் பூசுன மூக்கு கருகலான்னு எப்படிச் சொல்லும்? கையை வேற சேலையில தொடச்சுக்கிட்டு நின்ன. அன்னைக்கே தெரியும் புள்ள” என்றார்.

“என்னா தெரியும்?” என்றேன்.

“உன் விரதம் கெட்டது எனக்காகத்தானே. அதான் மறுநாள்லேருந்து நான் புடிச்சுக்கிட்டேன். முருகன் கிட்டச் சொல்லிட்டேன், அவளை விட்டுரு, இனிமே நான் இருக்கேன்னு.”

ருசி போன பிறகும் மூன்று மாதம் பாகற்காய்க்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் கறி தின்ற மனுஷன், சரியாக மறுநாள் ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து அத்தனை வருஷம், கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இவர் கறித்தட்டைத் தள்ளிவிடும்போதெல்லாம், ருசி தெரியாத வாய் என்று நானே முந்திக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது. இவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

“சரி, அதை விடு” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் என் பக்கம் திரும்பினார். “எத்தனை வருசம் அதைக் காவல் காத்திருக்கேன். ஒரு தடவை கூட வாயில வச்சதில்ல. நீதான் வச்சிருக்க. எப்படி இருந்துச்சு?”

நான் யோசித்தேன். நன்றாக யோசித்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“மூக்கு அடைச்சிருந்துச்சுங்க” என்றேன். “உப்பும் புளிப்புந்தான் தெரிஞ்சுச்சு.”

இவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது, நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் திட்டினாள். நாலு நாள் கழித்து இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மழை. வேன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வெளியே என்ன வாசம் வருகிறது என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.